சட்டம் கேட்காத கையெழுத்து

கருவைக் கலைக்க வந்திருக்கும் பெண்ணிடம் சட்டப்படி எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும்? வார்டுக்குப் பயிற்சிக்கு வரும் நர்சிங் பிள்ளைகளிடம் இதைக் கேட்பது என் வழக்கம். "ரெண்டு சிஸ்டர், அவங்களுது ஒண்ணு, வீட்டுக்காரருது ஒண்ணு" என்பார்கள். மாமியாரைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. 18 வயது நிறைந்து, நல்ல நினைவோடு இருக்கிற பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்று போதும். அதற்கென்றே 'சி' படிவம் இருக்கிறது. புருஷன் கையெழுத்தை எந்தச் சட்டமும் கேட்டதில்லை, எல்லா ஆஸ்பத்திரியும் கேட்டது.

புருஷன் கையெழுத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இன்னொரு கையெழுத்து. "கலைக்கணும்னா காப்பர்-டி போட்டுக்கணும். ரெண்டு குழந்தை இருந்தா ஆபரேஷன் பண்ணிக்கணும். சம்மதம்னா பெட் தர்றோம்." கொங்குப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிகளில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க இதுதான் நடைமுறை. எழுதி ஒட்டிய விதி கிடையாது. புதிதாக மாற்றலாகி வருகிற டாக்டருக்கும் நர்சுக்கும் ஆயா முதற்கொண்டு எல்லோரும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் கருக்கலைப்புச் சட்டத்துக்கு முன்பே, காப்பர்-டிக்கு முந்தைய கருத்தடைச் சாதனமான லூப்பில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்து டாக்டர் ஜாக் லிப்பஸ் 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கியது லூப். பாலித்தீனில் செய்தது, இரண்டு 'எஸ்' எழுத்தை ஒட்டி எழுதினாற்போல் வளைந்திருக்கும். மெல்லிய குழாய்க்குள் நேராக இழுத்து வைத்து, கர்ப்பப்பைக்குள் தள்ளினால் உள்ளே போய்ப் பழையபடி சுருண்டுகொள்ளும். வாலில் நூல். 1965-ல் இந்திய அரசு இதைக் கையில் எடுத்தது. கான்பூரில் தொழிற்சாலையே வைத்தார்கள். விலை குறைவு, தினமும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டாம், புருஷன் ஒத்துழைக்க வேண்டாம், படிக்காத பெண்ணுக்கும் ஏற்றது என்று டெல்லியில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். 1966-ல் மத்திய அரசு மாநிலங்களுக்கு ரேட்டும் போட்டுக் கொடுத்தது: லூப் ஒன்றுக்கு 11 ரூபாய், ஆண் ஆபரேஷனுக்கு 30, பெண் ஆபரேஷனுக்கு 40. டாக்டருக்கும் ஆள் பிடித்து வந்தவருக்கும் பங்கு அதிலிருந்துதான். காசு கொடுக்கும் யோசனையில் நம் ஊர் அதற்கும் முன்னோடி. ஆபரேஷன் செய்துகொள்ளும் ஏழைகளுக்கு 1956-லேயே 30 ரூபாய் கொடுக்கத் தொடங்கிய மாநிலம் மதராஸ்.

லூப் போடும் முகாம்களில் நின்ற மூத்த சிஸ்டர்கள் எனக்குப் பாடம் சொன்னவர்கள். பள்ளிக்கூட வராந்தாவில் புடவையைத் திரையாகக் கட்டி, ஜீப்பில் வந்து இறங்கும் டாக்டரம்மா சாயங்காலத்துக்குள் வரிசையை முடிக்க வேண்டும். சோகை இருக்கிறதா, வெள்ளைப்படுதல் இருக்கிறதா என்று பார்க்க நேரம் இருக்காது. கேட்டால் சிலரைத் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும், அதனால் கேட்கவும் மாட்டார்கள். ஜீப் கிளம்பிப் போனபின் ரத்தப்போக்கு என்று வருகிறவளுக்குப் பதில் சொல்ல ஊரில் ஒரு ஆயா கூட இல்லை. லூப் மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும், புருஷனுக்கு ஷாக் அடிக்கும் என்றெல்லாம் பேச்சு கிளம்பியது. பேச்சைக் கேட்டு அதிகாரிகள் சிரித்தார்கள். ஆனால் ரத்தப்போக்கு வதந்தி இல்லை. லூப் போட்டால் மாதவிலக்கு நாளும் கூடும், அளவும் கூடும். ஏற்கெனவே வெளிறிப்போன உடம்பு. போதாததற்கு அது வீட்டுக்குத் தூரமானால் தனித்தட்டு, திண்ணைப் படுக்கை என்றிருந்த காலம். மூன்று நாள் ஒதுங்கியிருந்தவள் எட்டு நாள் ஒதுங்க வேண்டும் என்றால் சமையல் யார், மாடு கறப்பது யார்? எந்த டாக்டர் புத்தகத்திலும் இந்தப் பக்கவிளைவு இல்லை. இரண்டே வருஷத்தில் லூப்பின் மவுசு இறங்கிவிட்டது. 1967-க்கு அப்புறம் எண்ணிக்கை சரிந்தது, அரசாங்கத்தின் கண் ஆபரேஷன் பக்கம் திரும்பியது.

இதே காலத்தில்தான் கருக்கலைப்புச் சட்டத்துக்கான பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டத்தின் 312-ஆவது பிரிவு, கலைத்தவருக்கு மட்டுமில்லை, கலைத்துக்கொண்ட பெண்ணுக்கும் சிறை என்றது. எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு, சீழ் பிடித்து, ஜன்னி கண்டு கட்டை வண்டியில் வந்து சேர்ந்தவர்களைப் பற்றி என் மூத்த சிஸ்டர்கள் சொன்னதை இங்கே எழுத மனசு வரவில்லை. 1964-ல் சாந்திலால் ஷா தலைமையில் குழு போட்டார்கள். அது 1966-ல் அறிக்கை கொடுத்தது. நாட்டில் வருஷத்துக்குச் சுமார் 39 லட்சம் கருக்கள் வேண்டுமென்றே கலைக்கப்படுகின்றன என்பது அந்தக் குழுவின் கணக்கு. மசோதாவை 1969-ல் மாநிலங்களவைக்குக் கொண்டுவந்தபோது சுகாதாரம் மற்றும் குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை இணை அமைச்சர் எஸ். சந்திரசேகர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் அங்கேயே துணைவேந்தர் ஆனவர். மூன்று பிள்ளை பெற்ற ஆண்களுக்குக் கட்டாய ஆபரேஷன் என்று 1967-லேயே பேசியவரும் அவர்தான்.

1971-ல் நிறைவேறிய சட்டம் 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டவை பெண்ணின் உடல்நலம், வன்புணர்ச்சி போன்றவற்றில் மனிதாபிமானம், ஊனத்தோடு குழந்தை பிறக்கும் அபாயம் ஆகிய மூன்று மட்டும். மக்கள்தொகை என்ற சொல்லே அதில் இல்லை. ஆனால் அதை நடத்தும் அமைச்சகம் குடும்பக் கட்டுப்பாட்டு அமைச்சகம், ஆஸ்பத்திரியில் நடத்தும் ஆட்கள் குடும்பக் கட்டுப்பாட்டு டார்கெட் சுமந்தவர்கள். சட்டத்துக்குள்ளேயே ஒரு விளக்கக் குறிப்பும் இருந்தது: கல்யாணமான பெண்ணோ அவள் கணவனோ பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்திய கருத்தடை முறை தவறி உண்டான கருவை, அவள் மனநலத்தைக் கடுமையாகப் பாதிப்பதாகக் கொள்ளலாம் என்று. சாதாரணப் பெண்ணுக்குத் திறந்த ஒரே வாசல் இதுதான். அதனால் எங்கள் பதிவேட்டில் காரணம் என்ற பத்தியில் வரிசையாக 'கருத்தடை சாதனம் தோல்வி' என்றே இருக்கும். வாழ்க்கையில் நிரோத் ஆணுறையைக் கண்ணால் பார்த்திராதவளுக்கும் நிரோத் தோற்றிருக்கும்.

நோயாளியின் பெயர் இருக்கும் சேர்க்கைப் பதிவேடு ரகசியம், பூட்டி வைக்க வேண்டியது. அதில் கருத்தடைக்கென்று பத்தி இல்லை. மாதாமாதம் மேலே போகிற இரண்டாம் படிவம் வேறு. அதில் பெயர் இருக்காது, எண்ணிக்கைதான். 12 வாரத்துக்குள் எத்தனை, 12-க்கு மேல் எத்தனை, எந்த மதம் எத்தனை என்று கேட்டுவிட்டு ஒரு வரி: கருத்தடையை ஏற்றுக்கொண்டு கலைத்தவர்கள், அதில் ஆபரேஷன் எத்தனை, லூப் எத்தனை. அவ்வளவுதான். அச்சடித்த படிவத்தில் ஒரு கட்டம் இருந்தால் அரசு அலுவலகத்தில் அதைப் பூஜ்யமாக விட முடியாது. மாவட்டக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "உங்க ஆஸ்பத்திரியில இத்தனை பேரைச் சும்மா அனுப்பியிருக்கீங்களே டாக்டர்" என்பார்கள். 'சும்மா' என்றால் சாதனம் எதுவும் போடாமல் என்று பொருள். அடுத்த மாதம் அந்த டாக்டர் யாரையும் சும்மா அனுப்பமாட்டார். அமைச்சர் யாரும் உத்தரவு போடாமலே, ஒரு படிவத்தின் ஒரு வரி கலைப்பையும் கருத்தடையையும் கட்டிப்போட்டது. பழியை நான் முதலில் அந்த வரி மேல்தான் போடுவேன், டாக்டர்கள் மேல் இல்லை.

நெருக்கடி நிலை வந்து 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுக்க 82 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலும் ஆண்களுக்கு. 1977 தேர்தலில் வடநாட்டு ஆண்கள் அதற்குப் பதில் சொன்னார்கள். அதன்பின் எந்தக் கட்சியும் ஆண்கள் பக்கம் கத்தியை நீட்டவில்லை. முழுச் சுமையும் பெண்கள் தலையில் இறங்கியது, தமிழ்நாடு அதை வெகு திறமையாகச் செய்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தியேட்டர் லிஸ்டில் ஒரு கேஸை 'எம்.டி.பி. டாட்' என்று ஒரே மூச்சில் எழுதுவோம். எம்.டி.பி. கலைப்பது, டாட் வயிற்றைத் திறந்து குழாயைக் கட்டுவது. இரண்டும் ஒரே நோய்க்கான ஒரே மருந்து மாதிரி சேர்ந்தே போகும். ஒரு குழந்தைக்காரிக்கு டாட்டுக்குப் பதில் காப்பர்-டி.

ஒரு தறிக்காரப் பெண் ஞாபகம் இருக்கிறாள். 24 வயது இருக்கும், இரண்டும் பெண் குழந்தைகள், முழுகாமல் இருந்து இரண்டு மாசம். ஓ.பி. சீட்டைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

"ஆபரேசன் வேண்டாமுங்க சிஸ்டர். எங்க மாமியா பையன் வேணும்னு உசுரை வாங்கறாங்க. இப்பத்திக்கு மட்டும் வேண்டாமுங்க."

"அப்ப காப்பர்-டி போட்டுக்க அம்மிணி."

"அது போன தடவ போட்டு மாசத்துல பாதி நாள் ஒதுங்கியே கெடந்தேனுங்க. தறியில நிக்க முடியல. எடுத்துப்போட்டேன்."

"ரெண்டுல ஒண்ணு சொல்லு. டாக்டரம்மா கேட்பாங்க."

யோசித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள், வரவில்லை. எங்கே போயிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போர்டு இல்லாத வீட்டில் ஒருவர் இருந்தார். காசு அதிகம், நிபந்தனை கிடையாது. சட்டம் வந்து பல வருஷம் ஆகியும் அந்த மாதிரி வீடுகள் மூடாததற்குத் தூரம், டாக்டர் பற்றாக்குறை, வெட்கம் என்று பல காரணம் எழுதுவார்கள். எங்கள் மேஜையில் இருந்த இரண்டாவது சம்மதத் தாளையும் அதில் சேர்க்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதால் நான் காப்பர்-டிக்கு எதிரி என்று எண்ணிவிடக் கூடாது. கலைத்தபின் போட்டுக்கொள்ள அதைவிடத் தோதானது அரசு ஆஸ்பத்திரியில் வேறு கிடையாது. கலைத்து இரண்டு வாரத்துக்குள்ளேயே சினைமுட்டை மறுபடி வெளிவந்துவிடலாம். அடுத்த மாதவிலக்கு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று போனவர்கள் அந்த மாதவிலக்கைப் பார்க்காமலே திரும்பி வந்ததுண்டு. 12 வாரத்துக்குள் கலைத்து, சீழோ காய்ச்சலோ இல்லை என்றால் அதே மேஜையில், அதே சமயத்தில் போட்டுவிடலாம். கர்ப்பப்பையின் வாய் திறந்திருப்பதால் வலி தனியாகத் தெரியாது. 12 வாரம் தாண்டிய கேஸில் கழன்று விழும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். சீழ் இருந்தால் தொடவே கூடாது.

போடுகிற விதத்திலும் ஒரு நேர்த்தி உண்டு. பொட்டலத்தைப் பாதி மட்டும் பிரித்து, கை படாமல், காகிதத்துக்கு வெளியிலிருந்தே 'டி'யின் இரண்டு கைகளையும் மடக்கிக் குழாய்க்குள் நுழைக்க வேண்டும். கம்பி விட்டுக் கர்ப்பப்பையின் ஆழத்தை அளந்து, குழாயில் இருக்கும் நீல வளையத்தை அந்த அளவுக்கு நகர்த்தி வைக்க வேண்டும். உள்ளே போனபின் தள்ளக் கூடாது. உள்தண்டை அசையாமல் பிடித்துக்கொண்டு குழாயைப் பின்னுக்கு இழுத்தால் கைகள் தானாக விரியும். நூலை மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும். தள்ளுகிற கை கர்ப்பப்பையை ஓட்டை போடும், இழுக்கிற கை போடாது. 'டி' வடிவம் அமெரிக்க டாக்டர் ஹோவர்ட் டாட்டம் யோசித்தது, அதில் செம்பைச் சுற்றலாம் என்று கண்டவர் சிலி நாட்டு ஜெய்மே சிப்பர். முதலில் எங்களுக்கு வந்தது காப்பர்-டி 200, சில வருஷம்தான் தாங்கும். 2002-ல் 380ஏ வந்தது, பத்து வருஷம். ரத்தப்போக்கு இதிலும் கூடும், லூப் அளவுக்கு இல்லை.

காப்பர்-டியில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. செங்கல்பட்டுப் பக்கம் கிராமப் பெண்களோடு வேலை செய்யும் ருசெக் அமைப்பின் டி.கே. சுந்தரி ரவீந்திரனும் பி. பாலசுப்பிரமணியனும் 2004-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மனைவி கலைத்துக்கொள்வதை அனுமதிக்கிற வீட்டில், ராத்திரி வேண்டாம் என்று சொல்கிற உரிமையை அவளுக்கு அனுமதிப்பதில்லை என்பது அதன் சாரம். நிரோத் கெஞ்சிக் கேட்க வேண்டியது, மாத்திரை ஒளித்து வைக்க வேண்டியது. அந்த வீட்டுக்குள் திரும்பிப் போகிறவளுக்கு, யாரும் கண்டுபிடிக்க முடியாத ஒரு செம்புக் கம்பி பெரிய பாதுகாப்பு. அப்படிப்பட்ட பொருளை, "இதைப் போட்டாத்தான் கலைப்போம்" என்று தண்டனை போல நீட்டினோம். போட்டுக்கொண்டவர்களில் சிலர் மறுமாசமே வேறு ஊர் டாக்டரிடம் போய் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் படிவத்தில் அவர்கள் ஏற்றுக்கொண்டவர்களாகவே இருந்தார்கள்.

யாருக்காகக் கருத்தடை என்ற கேள்வியைத் தமிழில் நேரடியாகக் கேட்டவர் பெரியார். 1930-களிலேயே, மற்றவர்கள் நாட்டின் வறுமைக்காகவும் தாயின் உடம்புக்காகவும் கர்ப்பத்தடை வேண்டும் என்கிறார்கள், நான் பெண் விடுதலையடைய வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன் என்ற பொருளில் எழுதினார். மதராஸில் 1928-ல் தொடங்கிய மால்தஸ் சங்கத்தின் வக்கீல்களும் நீதிபதிகளும் பேசியது முதல் வகை. பின்னால் அரசாங்கத்தின் திட்டமாக ஆனது அவர்கள் பேச்சுதான். பெரியார் படத்தை மாட்டிய ஆஸ்பத்திரிகளிலும் நடந்தது மால்தஸ் வழிதான்.

பெண்கள் அமைப்புகள் நீண்டகாலச் சாதனங்களைச் சந்தேகத்தோடு பார்த்ததற்கும் காரணம் இருந்தது. 1985-ல் ஹைதராபாத் அருகே பட்டான்செருவு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெட்-என் என்ற கருத்தடை ஊசியைப் பரிசோதனையாகப் போட்டார்கள். பரிசோதனை என்பதை வந்த பெண்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. ஸ்த்ரீ சக்தி சங்கடனா அமைப்பினர் தட்டிக்கேட்டு, மறுவருஷம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். கருத்தடை ஊசி அரசு ஆஸ்பத்திரியில் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாக வர இன்னும் முப்பது வருஷம் பிடித்தது. தோலுக்கடியில் வைக்கும் குச்சி அதற்கும் பிறகு, சில மாநிலங்களில் மட்டும். வேறு நாட்டுப் பெண்கள் கலைத்த அன்றே கையில் குச்சியோடு வீட்டுக்குப் போன காலத்தில் இங்கே காப்பர்-டி, இல்லாவிட்டால் ஆபரேஷன். கேட்காமல் போட்டதன் விலையைக் கேட்டும் கிடைக்காதவர்கள் கொடுத்தார்கள்.

1994-ல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டுக்குப் பிறகு டார்கெட்டை எடுத்தார்கள். 1995-ல் தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் மாநிலம் முழுக்க, 1996 ஏப்ரலில் நாடு முழுக்க. கிராம நர்சுகளுக்கு அது தீபாவளி. கொஞ்ச நாளில் 'எதிர்பார்க்கப்படும் அளவு' என்று புதுப் பெயரில், ஈ.எல்.ஏ. என்ற சுருக்கத்தோடு எண்ணிக்கை திரும்பி வந்தது. கருத்தடைக்குச் சம்மதிப்பதை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று 2010-ல் மத்திய அரசின் வழிகாட்டு நூல் எழுத்திலேயே சொன்னது. அந்தப் புத்தகம் எங்கள் பீரோவில் நெடுநாள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. இப்போது கலைத்தவுடன் காப்பர்-டி போட்டுக்கொள்ளும் பெண்ணுக்கு 300 ரூபாய் கொடுக்கிறார்கள்.

அதற்குள் பெண்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். 2002-ல் கலைக்கும் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. 2015-ல் இந்தியாவில் நடந்த கலைப்புகள் 1 கோடியே 56 லட்சம் என்றும், அதில் ஏறக்குறைய முக்கால்வாசி ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலான மருந்துக்கடைக்காரர்கள் அதிகாரிகளின் சோதனைக்குப் பயந்து அந்த மாத்திரையை வைப்பதில்லை. தெரிந்தவர் மூலம் வாங்கிச் சாப்பிடுகிறவளிடம் யார் உட்கார்ந்து அடுத்து என்ன போட்டுக்கொள்கிறாய் என்று கேட்பது? மாத்திரையில் கலைத்தால், முழுக்க வெளியேறிவிட்டதா என்று பார்க்க வரச்சொல்லும் 15-ஆம் நாள்தான் காப்பர்-டிக்கு ஏற்ற நாள். ரத்தம் நின்றுவிட்டால் அந்த நாளுக்கு யாரும் பஸ் ஏறுவதில்லை. நிபந்தனையோடு கிடைத்த காலம் போய், எடுத்துச் சொல்லவே ஆள் இல்லாத காலம் வந்திருக்கிறது.

கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் 'கல்யாணமான பெண், கணவன்' என்பதை 'பெண், அவள் துணை' என்று மாற்றியது. 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரை கல்யாணம் ஆகாதவளுக்கும் அதே உரிமைதான் என்றது. ஆனால் காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி, கலைத்த கையோடு காப்பர்-டியும் போடுங்கள் என்று கேட்டால் எத்தனை ஆஸ்பத்திரியில் முகம் சுளிக்காமல் போடுவார்கள்? "கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம் போம்மா" என்பார்கள். 24 வயதுத் தறிக்காரிக்கு வேண்டாம் என்றாலும் திணிக்கப் பார்த்த அதே பொருள், இவளுக்குக் கேட்டாலும் கிடைக்காது.

பழைய ரேட் பட்டியலை நான் இன்றும் வைத்திருக்கிறேன். 1966-ன் 11 ரூபாயிலிருந்து இன்றைய 300 வரை எல்லாம் போடுவதற்கான தொகை. எடுத்துவிடுவதற்கென்று ஒரு காசு எந்த வருஷமும் அதில் இல்லை. "பத்து வருஷத்துக்குப் போட்டது, அதுக்குள்ள எதுக்கு எடுக்கணும்?" என்று ஓ.பி.யில் கேட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். நூலைப் பிடித்து இழுத்தால் வந்துவிடும், ஒரு நிமிஷ வேலை. எப்போது கேட்டாலும் எடுத்துத் தருவார்கள் என்று தெரிந்த ஊரில் போட்டுக்கொள்ள வருகிறவர்களும் அதிகம். இதை நான் வேலை பார்த்த ஒரே ஒரு ஊரில்தான் பார்த்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா, போடும்போதே "வேண்டாம்னா நாளைக்கே வா, எடுத்துடறேன்" என்று சொல்லித்தான் போடுவார். மறுநாள் வந்தவர்கள் மிகக் கொஞ்சம்.